ஓரறிவுயிர் உணர்ந்தது, ஆறறிவுயிர் உணர்ந்ததா?



மரமும் புல்லும் ஓரறிவுயிர் என்று பகுத்தார் தொல்காப்பியர். அவ்வோர் அறிவு யாது? உற்றறியும் அறிவு, தன்மேற் படுவதை உணரும் அறிவு. மரத்திற்குக் கண்ணில்லை, செவியில்லை, மூக்கில்லை, நாவில்லை. ஆயினும், தன்மேற் படும் காற்று நல்லதா நஞ்சா என்பதை அஃது உணர்ந்துகொள்கிறது. உணர்ந்ததைத் தன் இலையில் எழுதியும் காட்டுகிறது. ஆறறிவு படைத்த மாந்தனோ அவ்வெழுத்தைப் படிப்பதில்லை. "எல்லாம் வரம்புக்குள் உள்ளன" என்று எவனோ அச்சடித்துத் தந்த தாளைப் பார்த்துவிட்டு உறங்கப் போகிறான். இக்கொடுமையைப் பற்றியே இத்திங்கள் எழுதத் துணிந்தேன்.

யான் தமிழாசிரியன், வேதியியல் கற்பிப்பவன் அல்லன். ஆயினும், கண்டதைக் கண்டபடி கூறத் தமிழாசிரியனுக்கும் உரிமையுண்டு. யான் பணியாற்றும் பள்ளிக்கு மேற்கே, இரண்டு வயல் தள்ளி, ஒரு செங்கற்சூளை உள்ளது. மேல்காற்று வீசும் நாள்களில் அதன் புகை எம் வகுப்பறைக்குள் வந்து மாணவரோடு மாணவராய் அமர்ந்துகொள்ளும். பள்ளிக்கும் சூளைக்கும் இடையில் முதியவர் ஒருவரின் மாந்தோப்பு இருக்கிறது. சில ஆண்டுகளாக, அத்தோப்பிற் காய்க்கும் காய்களின் நுனி, முற்றுமுன்பே கறுத்து இறுகிக் கெட்டுப் போகிறது. பூச்சியென்று எண்ணி அவர் மருந்தடித்தார், பயனில்லை. ஏனெனில், மாவின் கருநுனி நோய் பூச்சியால் வருவதன்று, பூசணத்தால் வருவதுமன்று. சூளைப்புகையிலுள்ள கந்தக வளியும் பிற நச்சுவளிகளும் பிஞ்சைத் தாக்குவதால் வருவது. வடநாட்டு மாந்தோப்பினர் இதனை நெடுங்காலமாக அறிவர்.

அதே பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி. செய்யுளை அவள் போல் இனிமையாகப் படிப்பார் இலர். ஆனால், சூளை எரியும் திங்கள்களில் அவளால் நான்கு அடிகளை ஒரே மூச்சிற் படிக்க இயலுவதில்லை. இரண்டாம் அடியில் நின்றுவிடுவாள், நெஞ்சு விம்மும், இழுப்பு வந்துவிடும். அவளுக்குக் குறை படிப்பில் இல்லை; மூச்சில்.

ஊரார் கையொப்பமிட்டு ஒரு முறையீடு விடுத்தோம். நான்கு திங்கள் கழித்து மறுமொழி வந்தது. ஒரே பக்கம், முழுவதும் ஆங்கிலம். முதியவர் அதனை என்னிடம் நீட்டி, "என்னங்க ஐயா எழுதியிருக்கு?" என்றார். "அளவுகளெல்லாம் இசைவு வரம்புக்குள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், மடியிலிருந்து நுனி கறுத்த மாங்காய் ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "இந்த வரம்பு இதுக்குத் தெரியலீங்களே ஐயா" என்றார்.

அன்பர்களே, அம்முதியவரின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமை எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு.

இலையின் வாழ்வைப் பருவம் பருவமாகப் பார்த்துப் பெயரிட்டவர் நம் முன்னோர். தளிர், இலை, பழுப்பு, சருகு என்பன அப்பெயர்கள். இவ்வரிசையை மாற்றுவதே காற்றில் கலந்த நஞ்சின் வேலை. தளிராக இருக்க வேண்டியது பழுப்பாகிறது. இலையாக இருக்க வேண்டியது சருகாகிறது. எவ்வாறு? இலையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எண்ணிறந்தன உள்ளன. அவையே மரத்தின் மூக்கு. கந்தக ஈராக்சைடு எனப் பாடநூல்கள் குறிக்கும் கந்தக வளி, அத்துளைகளின் வழியே புகுந்து, உள்ளேயுள்ள ஈரத்தில் கரைந்து, காடியாக மாறிப் பச்சையத்தை அழிக்கிறது. நரம்புகள் பச்சையாகவே நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளுத்துப் போகும். இது கந்தகத்தின் கையெழுத்து.

ஒவ்வொரு நஞ்சுக்கும் இவ்வாறு ஒரு கையெழுத்து உண்டு. சில சூளைகளிலிருந்தும் உர ஆலைகளிலிருந்தும் அலுமினிய ஆலைகளிலிருந்தும் வரும் புளூரைடு, இலையின் நுனிக்கும் விளிம்புக்கும் சென்று தேங்கி, அவற்றைத் தீய்த்துவிடும். அத்தழையை மேயும் ஆவின் பல்லும் எலும்பும் கெடும். ஊர்திகளின் புகையிலுள்ள நைட்ரசன் ஆக்சைடுகளும் ஆவியாகும் எரிநெய்களும் வெயிலிற் கூடிச் சமைக்கும் ஓசோன், இலையின் மேற்புறத்தில் நுண்புள்ளிகளாகக் குத்தும். நெல், கோதுமை, அவரையினப் பயிர்களின் விளைச்சலைக் குறைக்கும். சாலைப்புழுதியும் கரித்தூளும் இலைமேற் படிந்து துளைகளை அடைக்கும், கதிரொளியை மறைக்கும். உண்ண ஒளியும் இன்றி, உயிர்க்க வழியும் இன்றி, மரம் நின்றவாறே மெலியும்.

இது புதிதாகக் கண்ட உண்மையும் அன்று. 1661 ஆம் ஆண்டிலேயே, சான் ஈவ்லின் என்னும் ஆங்கிலேயர் இலண்டனின் நிலக்கரிப் புகையைக் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதினார். உள்நாட்டுப் போரின்போது நியூகாசில் நகர் முற்றுகையிடப்பட்டு, இலண்டனுக்கு நிலக்கரி வராமற்போன ஆண்டில், இலண்டனின் நடுவிலிருந்த தோட்டங்கள்கூட மிகுதியாகக் காய்த்தன என்பதை அவர் அதிற் சுட்டிக்காட்டினார். கரி நின்றது, கனி வந்தது! இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? 1866 ஆம் ஆண்டில் நைலாண்டர் என்னும் பின்லாந்து நாட்டு நிலைத்திணையியலார், பாரிசு நகரப் பூங்காவொன்றில் மரப்பட்டைமேல் வளரும் பாசிப்பூக்களை ஆராய்ந்தார். காற்றுக் கெட்ட இடத்தில் அவை மறைந்துவிடும் என்று எழுதினார். நம் வீட்டுப் பெண்டிர் குழம்பிற்கு இடும் கல்பாசி அவ்வினத்தைச் சேர்ந்ததே. காற்றின் தூய்மையை அளக்கும் கருவியை அஞ்சறைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு, அதன் பொருளை மறந்தோம் நாம்.

இனி, மாந்தனுக்கு வருவோம். இலைக்குத் துளை எப்படியோ, மாந்தனுக்கு நுரையீரலின் நுண்ணறைகள் அப்படி. ஒருவன் ஒரு நாளில் உள்வாங்கும் காற்று ஏறத்தாழ 10,000 இலிட்டர். சோற்றில் கல்லிருந்தால் பொறுக்கி எறியலாம். நீர் கலங்கினால் வடிகட்டலாம். காற்றைப் பொறுக்கியெடுத்து மூச்சுவிட எவனால் முடியும்?

கந்தக வளி மூச்சுக்குழலைச் சில மணித்துளிகளிலேயே சுருக்கத் தொடங்கும். இழுப்பு நோயாளியை அஃது உடனே வீழ்த்தும். கார்பன் மோனாக்சைடு எனப்படும் கரிநச்சுவளிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு குருதியின் செம்பொருளைப் பற்றிக்கொண்டு, உயிர்வளிக்கு இடமில்லாமற் செய்துவிடும். எல்லாவற்றிலும் கொடியது நுண்தூள். 2.5 மைக்குரோ மீட்டருக்கும் குறைந்த தூள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே ஆகும். மூக்கு மயிரும் தடுக்காது, சளியும் பிடிக்காது. நுண்ணறைவரை சென்று, அங்கிருந்து குருதியிலும் கலந்து, நெஞ்சாங்குலை நோய்க்கும் மூளைத்தாக்குக்கும் வழிவகுக்கும். கருவிலிருக்கும் குழந்தையின் எடையையும் குறைக்கும். 2013 ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், வெளிக்காற்று மாசினைப் புற்றுநோய் தருவது என உறுதிசெய்து முதற்பிரிவிற் சேர்த்தது. 2019 ஆம் ஆண்டில் மட்டும் வெளிக்காற்று மாசினால் உலகில் 42 இலக்கம் மாந்தர் உரிய காலத்திற்கு முன்பே இறந்தனர் என்பது அவ்வமைப்பின் கணக்கு.

இனி, அந்த "வரம்பு" என்னும் சொல்லை எடுத்து ஆராய்வோம். உழவனுக்கு வரம்பு என்பது வயலின் கரை. அது நீரைக் காக்கும், பயிரைக் காக்கும். அலுவலகத்து வரம்பு யாரைக் காக்கிறது? ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூள் ஆண்டுக்கு நிரவலாக 5 மைக்குரோ கிராமுக்கு மேற் போகலாகாது என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு, 2021 ஆம் ஆண்டின் நெறிமுறையில். இந்திய வரம்போ 40. 2009 ஆம் ஆண்டில் வகுத்தது. எட்டு மடங்கு! செனீவாவில் வாழும் குழந்தைக்கு ஒரு நுரையீரலும், செங்கற்பட்டில் வாழும் குழந்தைக்கு வேறொரு நுரையீரலுமா இயற்கை படைத்தது? 39 இருந்தால் வரம்புக்குள், ஆகவே குற்றமில்லை. சட்டம் அப்படித்தான் சொல்லும். அச்சிறுமியின் நெஞ்சு வேறு சொல்கிறது. அம்மாங்காயும் வேறு சொல்கிறது.

"தொழில் வேண்டாவா? மின்விளக்கு வேண்டாவா? சூளை இன்றி வீடு எழுமா?" என்று கேட்பார் உளர். வேண்டும், ஐயா, எல்லாம் வேண்டும். நஞ்சில்லாமல் வேண்டும். அதற்கு வழியும் உண்டு. அனல்மின் நிலையத்துப் புகையைச் சுண்ணக்கற் குழம்பின் வழியே செலுத்தினால் கந்தகத்திற் பெரும்பகுதி பிரிந்துவிடும். சூளையில் அனல் வளைந்து வளைந்து செல்லும்படி செங்கலை அடுக்கினால் கரியும் குறையும், புகையும் குறையும். 2022 ஆம் ஆண்டில் நடுவணரசின் அறிவிக்கையே சூளைகளை அவ்வாறு மாற்றச் சொல்கிறது. கருவியும் உண்டு, சட்டமும் உண்டு. இல்லாதது உள்ளம்.

ஐயமெனின், இதோ கேளுங்கள். அனல்மின் நிலையங்கள் கந்தக வளியை இரண்டே ஆண்டுகளுக்குள் கட்டுப்படுத்த வேண்டுமென்று 2015 திசம்பரில் நடுவணரசு ஆணையிட்டது. 2017 வந்தது, கெடுவை 2022-க்குத் தள்ளினார்கள். பின்னர் மீண்டும் தள்ளினார்கள், மீண்டும் தள்ளினார்கள். இறுதியில் 2025 சூலையில், நாட்டிலுள்ள நிலக்கரி மின்னலகுகளுள் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டவற்றுக்கு அக்கருவியே வேண்டா என்று விலக்களித்துவிட்டார்கள். பத்தாண்டுத் தவணையின் முடிவு விலக்கு! இந்நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அவர்கள் கூறும் கரணியம். ஒரு கூடைக் கரியில் குறைவாக இருக்கலாம். மலைமலையாய் எரிக்கும்போது அக்குறைவு என்னாகும்? அவ்வளி காற்றிலேயே நெடுந்தொலைவு சென்று, சல்பேட்டு நுண்தூளாக மாறி, மின்நிலையத்தையே கண்டிராத ஊரானின் நெஞ்சிலும் இறங்குமே!

தமிழ்நாட்டிற்கு இப்பாடம் குருதியால் எழுதப்பட்டது. செப்புருக்காலை ஒன்றை மராட்டிய மாநிலத்து இரத்தினகிரியில் அமைக்க முயன்றார்கள். அது மாவுக்குப் பேர்பெற்ற மண். உழவர் கிளர்ந்தெழுந்தனர், 1993 ஆம் ஆண்டில் கட்டுமானம் நின்றது. மாமரத்துக்கு வரும் கேட்டை மாமரம் வளர்ப்பவன் முன்னரே அறிந்துகொண்டான். அங்கே வேண்டாவென்று விரட்டப்பட்ட அதே இசுடெர்லைட்டு ஆலைக்கு, 1994 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013 மார்ச்சு 23 காலையில் தூத்துக்குடி மக்கள் கண்ணெரிந்து தொண்டை கமறித் தவித்தனர். ஆலையின் கந்தக வளியே இதற்குக் கரணியம் என்று சொல்லி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதனை மூட ஆணையிட்டது. சில திங்களில் ஆலை மீண்டும் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் செய்த மாசுக்காக 100 கோடி உருபா இழப்பீடு கட்டுமாறு அவ்வாண்டு ஏப்பிரலில் உச்சவழக்குமன்றம் தீர்ப்பளித்தது. ஆலையை மூடவோ இசையவில்லை. 2018 மே 22-இல், போராட்டத்தின் நூறாம் நாளில் மக்கள் பேரணியாகச் சென்றனர். காவலர் சுட்டனர்; பதின்மூவர் மாண்டனர். அதன்பின், மே 28-இல் தமிழ்நாட்டரசு ஆலையை மூடியது. 2024 பிப்பிரவரியில் உச்சவழக்குமன்றமும் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளியது. இரத்தினகிரியில் மாமரம் சொன்னபோதே இங்கும் கேட்டிருந்தால் பதின்மூன்று உயிர்கள் போயிருக்குமா?

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்க வேண்டியவனுக்குப் புரியும் மொழியில் எவரும் சொல்லவில்லை. ஆலை வருமுன் அதன் தீங்குகளை மதிப்பிட்டுப் பன்னூறு பக்கங்களில் அறிக்கை எழுதுகிறார்கள். நடைமுறையில் அதன் சுருக்கம் மட்டுமே மக்கள் மொழியில் வரும். நுண்தூள் எத்தனை, கந்தகம் எத்தனை, காற்று எத்திசையில் வீசும், எவ்வூர்மேற் படியும் என்னும் உயிர்ச்செய்தியெல்லாம் ஆங்கிலப் பக்கங்களுக்குள் ஒளிந்திருக்கும். 2020 ஆம் ஆண்டில் அம்மதிப்பீட்டு விதிகளையே மாற்ற முனைந்த நடுவணரசு, தன் வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுக என்று தில்லி உயர்வழக்குமன்றம் சூன் 30-இல் ஆணையிட்டது. அரசு என்ன செய்தது? பெயர்க்கவில்லை, அவ்வாணையை எதிர்த்து உச்சவழக்குமன்றத்திற்குச் சென்றது! எம் மூச்சைப் பற்றிய சட்டத்தை எம் மொழியில் தரமாட்டேன் என்று வழக்காடிய அரசு இது.

மொழிப்பற்றினால் மட்டும் இதனைச் சொல்லவில்லை. 1984 திசம்பரில் போபாலில் நச்சுவளி கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாய் நின்றன. அவ்வாலையின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்கு உழைத்த பலருக்கு அம்மொழி தெரியாது. மாண்டவருட் பலர் இந்தியும் உருதும் பேசியவர். ஆகவே, இது தமிழனுக்கு மட்டும் நேரும் கேடன்று. தனக்குப் புரியாத மொழியில் தன் சாவு எழுதப்பட்டிருக்கும் எளியவன் எவனுக்கும் நேரும் கேடு.

பிறரை மட்டும் பழித்து முடித்தால் நான் நேர்மையுடையவன் ஆகேன். தமிழனே, உன் குற்றமும் இருக்கிறது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றைப் போற்றிய இனம் நம் இனம். அவ்வினத்தின் பிள்ளை, பொங்கலுக்கு முன்னாள் விடியலில் பழையதைக் கழிக்கிறேன் என்று வண்டிச் சக்கரத்தின் தொய்வை உருளையைத் தெருவில் இட்டுக் கொளுத்துகிறான். பிளாத்திக்குக் குப்பையை வாசலில் எரித்துவிட்டு, அதே வாசலில் கோலமிடுகிறான். நாம் கொளுத்தும் புகைக்குத் தில்லி பொறுப்பன்று.

என் செய்யலாம்? எண்ணூரானாலும் மணலியானாலும், மேட்டூரானாலும் நெய்வேலியானாலும், ஆலை உள்ள ஒவ்வோர் ஊரிலும் அன்றாடக் காற்றின் அளவைத் தமிழில் எழுதிய பலகை, பள்ளிவாயிலில் நிற்க வேண்டும். ஆலை பற்றிய அறிக்கை, சுருக்கம் மட்டுமின்றி முழுவதும், மக்கள் கருத்துக் கேட்கும் நாளுக்கு முன்பே தமிழில் வர வேண்டும். முறையீடு எம்மொழியில் செல்கிறதோ அம்மொழியிலேயே மறுமொழி வர வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுங்கள். ஒரு முறை எழுதி வராவிட்டால் ஒன்பது முறை எழுதுங்கள்.

யான் என் வகுப்பில் ஒன்று தொடங்கியிருக்கிறேன். பள்ளிச் சுற்றிலுள்ள வேம்பு, புங்கு, மா ஆகிய மூன்று மரங்களின் இலைகளைக் கிழமைக்கு ஒருநாள் மாணவர் பார்த்து, நாளிட்டுக் குறிக்கின்றனர். வெள்ளைத் துணியால் இலையைத் துடைத்து அத்துணியையும் ஒட்டிவைக்கின்றனர். நரம்பிடை வெளுப்பா, நுனிக் கருகலா, புள்ளியா என்று தமிழிற் பெயரிட்டு எழுதுகின்றனர். மூச்சிழுக்கும் அச்சிறுமியே அவ்வேட்டின் பொறுப்பாளி. அடுத்த முறையீட்டோடு அவ்வேட்டின் படியும் செல்லும். அதற்கும் "வரம்புக்குள்" என்று மறுமொழி வருமாயின், அவ்வரம்பு எவருக்காக வகுக்கப்பட்டது என்பதை ஊர் அறிந்துகொள்ளும்.

ஓரறிவுயிர் தன் கடமையைச் செய்துவிட்டது. உணர்ந்தது, எழுதிக் காட்டியது. அதனைப் படித்து, உரக்கச் சொல்லி, உரிமை கேட்க வேண்டியவர் ஆறறிவு படைத்த நாம். நாளைக் காலை உங்கள் தெருவிலுள்ள மரத்தின் இலையொன்றைப் புரட்டிப் பாருங்கள், அன்பர்களே! அதில் எழுதியிருப்பது உங்கள் பிள்ளையின் மூச்சைப் பற்றிய செய்தி.